ஸ்ட்ராண்ட் மேடையில் அலாவுதீனின் அம்மா

கிறிஸ்துமஸ் பருவத்தில் நாடகம் பார்க்கப் போகும் இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு இரண்டு பேரை நன்றாகத் தெரியும். ஒருத்தி அலாவுதீனின் அம்மா, விதவை ட்வாங்கி. இன்னொருவன் சின்ட்ரெல்லாவின் மேல் ஆசை வைத்து ஏங்கும் வேலைக்காரப் பையன், பட்டன்ஸ். 1697-இல் பெரோ எழுதிய சின்ட்ரெல்லா கதையில் பட்டன்ஸ் கிடையாது. 1709-இல் அலெப்போக்காரரான ஹன்னா தியாப் பாரிஸில் 'ஆயிரத்தொரு இரவுகள்' மொழிபெயர்ப்பாளர் காலானுக்குச் சொன்ன அலாவுதீன் கதையில் ஒரு தாய் உண்டு. ஆனால் அவள் ட்வாங்கி இல்லை. இரண்டு பேரும் பிறந்தது லண்டனின் ஸ்ட்ராண்ட் வீதியிலிருந்த ஒரு சிறிய நாடகக் கொட்டகையில். 1860 டிசம்பர் 26 அன்று சின்ட்ரெல்லா அரங்கேறியது. மறு ஆண்டு ஈஸ்டருக்கு அலாவுதீன். இரண்டையும் எழுதியவர் ஹென்றி ஜேம்ஸ் பைரன். கவிஞர் பைரனுக்குத் தூரத்துச் சொந்தம். சின்ட்ரெல்லா மேடையேறியபோது அவருக்கு வயது 25.

பாட்டும் எதுகையும் சிலேடையுமாகக் குழந்தைக் கதைகளைக் கேலி நாடகமாக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது? பாதிக் காரணம் சட்டம். 1737 சட்டத்துக்குப் பிறகு வசன நாடகம் போடும் உரிமை ட்ரூரி லேன், கோவென்ட் கார்டன் போன்ற அரச உரிமம் பெற்ற அரங்குகளுக்கே இருந்தது. மற்றக் கொட்டகைகள் பிழைக்க வேண்டுமானால் இசையைக் கலந்து, 'பர்லெட்டா' என்ற பெயரில்தான் நாடகம் போட வேண்டும். எனவே பாட்டு அங்கே அலங்காரமாக வரவில்லை. பாட்டு இல்லாவிட்டால் திரையே உயராது.

இந்தக் கட்டாயத்தைக் கலையாக மாற்றிக் காட்டியவர்கள் மேடம் வெஸ்ட்ரிஸும் ஜேம்ஸ் ராபின்சன் பிளாஞ்சேயும். 1831-இல் ஒலிம்பிக் அரங்கைக் குத்தகைக்கு எடுத்து, ஒரு பெண்ணாலும் லண்டனில் நாடக அரங்கு நடத்த முடியும் என்று நிரூபித்தார் வெஸ்ட்ரிஸ். அவருக்கு எழுதிக் கொடுத்த பிளாஞ்சே, பழங்கால உடைகளை ஆழ்ந்து ஆராய்ந்தவர். கதை எவ்வளவு வேடிக்கையாக இருந்தாலும் உடை சரியாக இருக்க வேண்டும், நடிகர் முகத்தில் சிரிப்பு வரக்கூடாது என்பது அவர் வைத்த ஒழுங்கு. 1836 கிறிஸ்துமஸுக்கு அவர் மேடையேற்றிய 'ரிக்கே வித் தி டஃப்ட்' பழைய பிரெஞ்சு தேவதைக் கதை. அது வெற்றி பெற்றதும் ஆண்டுதோறும் அந்தப் பிரெஞ்சுக் கதைகளையே தேடிப் போனார். 1843-இல் சட்டம் மாறி எல்லா அரங்கிலும் வசனம் பேசலாம் என்று ஆன பிறகும் ரசிகர்கள் எதுகையையும் பாட்டையும் விட்டுக்கொடுக்கவில்லை.

பிளாஞ்சேயிடம் இருந்த நிதானம் பைரனிடம் இல்லை. சிலேடையை மூச்சு விடாமல் அடுக்கினார். ஊருக்கெல்லாம் தெரிந்த ஒபெரா மெட்டுகளை எடுத்துக்கொண்டு புதுச் சொற்களைப் போட்டார். சின்ட்ரெல்லாவுக்கு அவர் கைவைத்தது ரோசினியின் 1817 ஒபெராவில். இளவரசனின் பணியாள் டாண்டினியை அங்கிருந்து அப்படியே எடுத்துக்கொண்டார். ரோசினி கண்ணாடிச் செருப்பை நீக்கிவிட்டுக் காப்பு ஒன்றை வைத்திருந்தார். பைரன் செருப்பைத் திரும்பக் கொண்டுவந்தார். சட்டை முழுக்கப் பொத்தான் வைத்த சீருடையில் பணக்கார வீட்டு வாசலில் நிற்கும் பையன்களை லண்டன்வாசிகள் தினமும் பார்த்தார்கள். அப்படி ஒருவனுக்கு இத்தாலிய வாடையோடு பட்டோனி என்று பேர் வைத்தார். அவனே பிற்காலத்தில் பட்டன்ஸ் ஆனான்.

அலாவுதீன் கதை சீனாவில் நடப்பது. சீனா என்றதும் லண்டன்காரருக்கு நினைவுக்கு வருவது தேயிலை. அன்று கடைகளில் விற்ற மலிவான பச்சைத் தேயிலை வகை ஒன்றின் பெயர் ட்வாங்கே. அதையே அம்மாவுக்குச் சூட்டிவிட்டார் பைரன். அந்த வேடத்தைக் கட்டியவர் ஜேம்ஸ் ரோஜர்ஸ் என்ற ஆண் நடிகர்.

கிழவிக்கு ஆண் ஸ்திரீபார்ட் என்றால், இளைஞனுக்குப் பெண் ராஜபார்ட். பாவாடை தரையைக் கூட்டிய அந்தக் காலத்தில் பெண்ணின் காலைப் பார்க்கக் கிடைத்த இடம் மேடை ஒன்றுதான். கூட்டம் வந்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் நடித்த பெண்களின் திறமையை அதோடு சேர்த்து ஒதுக்கிவிடுவது அநியாயம். 1858-இல் இதே ஸ்ட்ராண்டில் பைரனின் இன்னொரு கேலி நாடகத்தில் பையனாக நடித்த மேரி வில்ட்டனைப் பார்த்துவிட்டு, டிக்கன்ஸ் நண்பர் ஃபார்ஸ்டருக்குக் கடிதம் எழுதி வியந்தார். அந்தப் புகழே மேரிக்குச் சிறையும் ஆயிற்று. பெண் வேடம் கேட்டாலும் எந்த மேலாளரும் தரவில்லை. கடன் வாங்கிச் சொந்தமாக அரங்கு எடுத்து 1865-இல் நடத்தத் தொடங்கினார். முதலில் அவரோடு கூட்டுச் சேர்ந்தவர் பைரனேதான்.

டிக்கன்ஸைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1853-இல் ஓவியர் ஜார்ஜ் க்ரூக்‌ஷாங்க் ஒரு தேவதைக் கதையை மதுவிலக்குப் பிரசாரமாகத் திருத்தி வெளியிட்டபோது, கதையைக் கெடுக்காதே என்று தன் பத்திரிகையில் கடுமையாகக் கண்டித்தவர் அவர். அதே மனிதர் இந்த நாடகங்களை ரசித்தார். எனக்கு இதில் முரண் தெரியவில்லை. பைரன் பெயரை மாற்றினார், சிலேடையைத் திணித்தார், ஆணைப் பெண்ணாக்கினார். ஆனால் கடைசியில் செருப்பு சின்ட்ரெல்லாவின் காலுக்குத்தான் பொருந்துகிறது, விளக்கைத் தேய்த்தால் பூதம் வருகிறது. கதையின் எலும்பை அவர் தொடவில்லை. உபதேசக்காரர்கள் கைவைத்தது அதில்தான்.

பைரன் 1884-இல் இறந்தார். ஸ்ட்ராண்ட் அரங்கை 1905-இல் இடித்துச் சுரங்க ரயில் நிலையம் கட்டினார்கள். அதற்குள் அவருடைய பாத்திரங்கள் பாண்டமைம் என்ற கிறிஸ்துமஸ் நாடகத்துக்குக் குடிபோய்விட்டன. 1896-இல் ட்ரூரி லேன் மேடையில் விதவை ட்வாங்கியாக வந்தவர் டான் லீனோ. மியூசிக் ஹாலிலிருந்து அவரை அங்கே கூட்டிவந்த அகஸ்டஸ் ஹாரிஸ், நாடகம் எழுதுகிறவர்களின் கையிலிருந்து பாண்டமைமைப் பிடுங்கியது எப்படி என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)