கருப்பைவாய்ப் புற்றுநோயும் வைரஸ் தேடலும்: ஹெர்பிஸ் கொள்கையின் எழுச்சியும் வீழ்ச்சியும்

கருப்பைவாய்ப் புற்றுநோய் பெண்களின் மணவாழ்க்கையோடு தொடர்புடையது என்னும் கருத்து நுண்ணுயிரியல் வளர்ச்சிக்கு முற்பட்டது. இத்தாலியின் வெரோனா நகர இறப்புப் பதிவுகளை ஆராய்ந்த ரிகோனி-ஸ்டெர்ன், கருப்பைப் புற்றுநோய் கன்னியாஸ்திரீகளிடம் அரிதாகவும் மணமான பெண்களிடம் மிகுதியாகவும் காணப்பட்டதை 1842இல் எடுத்துரைத்தார். அப்பதிவுகள் கருப்பையையும் கருப்பைவாயையும் பிரித்துக் காட்டவில்லை என்பதை அவரை மேற்கோள் காட்டுவோர் பலர் கருத்திற்கொள்வதில்லை.

பாலுறவால் பரவும் நுண்ணுயிரியே காரணம் எனின், அது எது என்பதே வினா. 1960களின் பிற்பகுதியில் ஹெர்பிஸ் சிம்ப்ளக்ஸ் இரண்டாம் வகை வைரஸ் அவ்விடத்தைப் பெற்றது. நோயுற்ற பெண்களின் குருதியில் இதற்கான எதிர்ப்பொருள்கள் மிகுந்திருந்தமையே முதன்மைச் சான்று. ஆனால் எதிர்ப்பொருள் முன்பு நேர்ந்த தொற்றை மட்டுமே காட்டும். ஒரே வழியில் பரவும் இரு நுண்ணுயிரிகளுள் நோய்க்குக் காரணமானது எது என்பதைக் காட்டாது. இவ்வடிப்படைக் குறை அன்று போதிய அளவு எண்ணப்படவில்லை.

ஜெர்மானிய அறிஞர் ஹரால்டு சூர் ஹவுசன் குருதியை விடுத்துக் கட்டித் திசுவிலேயே வைரஸின் டி.என்.ஏ.வைத் தேடினார். பர்க்கிட் லிம்போமாவில் எப்ஸ்டீன்-பார் வைரஸின் டி.என்.ஏ. உள்ளதை 1970இல் அவர் நிறுவியிருந்தார். ஆதலின் கருப்பைவாய்க் கட்டிகளில் ஹெர்பிஸ் டி.என்.ஏ. கிட்டாமையை ஆய்வுமுறையின் குறை என ஒதுக்குதல் எளிதன்று. எனினும் அவர் கூற்றுக்கு அன்று வரவேற்பில்லை. அவர் கவனம் மருக்களை உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸின்பால் சென்றது. அங்கும் தடை இருந்தது. கால் மருவிலிருந்து பெற்ற டி.என்.ஏ. பிற மருக்கள் அனைத்தோடும் பொருந்தவில்லை. இவ்வைரஸ் ஒன்றன்று, பல வகையினது என்பது இதனாற் புலனாயிற்று. பிறப்புறுப்பு மருவிலிருந்து 6ஆம் வகையும், குரல்வளைக் கட்டியிலிருந்து 11ஆம் வகையும் பிரித்தெடுக்கப்பட்டன. இவை புற்றுநோய்க்குரியவை அல்ல. ஆயினும் அவற்றின் துணைகொண்டே 1983இல் 16ஆம் வகை கண்டறியப்பட்டது. ஜெர்மானியப் பெண்களின் 18 மாதிரிகளுள் 11இலும், கென்யா, பிரேசில் நாட்டுப் பெண்களின் 23 மாதிரிகளுள் 8இலும் அது காணப்பட்டது. மறு ஆண்டில் 18ஆம் வகை வெளிப்பட்டது. இவ்விரு வகைகளே உலகில் இந்நோயின் ஏறத்தாழ 70 விழுக்காட்டிற்குக் காரணமென இன்று அறியப்படுகிறது.

அதே 1984இல், பிராகு நகரில் 10,000க்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கண்காணித்த ஓர் ஆய்வும் ஹெர்பிஸ் கொள்கைக்கு ஆதரவு காணவில்லை. சூர் ஹவுசனுக்கு நோபல் பரிசு 2008இல் கிடைத்தது. தடுப்பூசி அதற்கு ஈராண்டு முன்னரே பயன்பாட்டிற்கு வந்திருந்தது.

ஒரு செய்தி தனித்துக் குறிக்கத்தக்கது. ஹென்றியட்டா லாக்ஸ் என்னும் கறுப்பினப் பெண்ணின் கருப்பைவாய்க் கட்டியிலிருந்து, அவர் இசைவின்றி 1951இல் எடுக்கப்பட்ட ஹீலா செல்கள் உலகெங்கும் வைரஸ் ஆய்வகங்களில் வளர்க்கப்பட்டு வந்தன. அச்செல்களுக்குள் 18ஆம் வகை வைரஸின் டி.என்.ஏ. தொடக்கம் முதலே இருந்துவந்தது.