அம்மையப்பன்: இறைவனைத் தந்தையாகக் கண்ட சைவ மரபு

இறைவனைத் தந்தை என்று அழைப்பது பல சமயங்களில் காணப்படும் பழைய வழக்கம். இருக்கு வேதம் வானத்தைத் 'தியௌஸ்' என்றும் தந்தை என்றும் போற்றுகிறது. உரோமரின் 'ஜூப்பிட்டர்' என்ற பெயரும் இதே வேரிலிருந்து வந்தது. இயேசு சீடர்களுக்குக் கற்பித்த இறைவேண்டல் கடவுளைத் தந்தை என்று விளித்தே தொடங்குகிறது. தமிழ்ச் சைவமும் இறைவனைத் தந்தை என்றது; ஆனால் தந்தையைத் தாயிடமிருந்து பிரிக்கவில்லை. 'அம்மையப்பன்' என்னும் சொல்லில் தாயே முன்னால் வருகிறாள்.

பாடல்களில்

7ஆம் நூற்றாண்டினரான திருநாவுக்கரசர் இறைவனைத் தந்தை, தாய் மட்டுமின்றி மாமன், மாமி என்றும் உறவு சொல்லி அழைக்கிறார். ஆளும் அரசனாக அன்றி வீட்டு மனிதராகவே அவர் இறைவனைக் கண்டார்.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில் ஒரு காட்சி உண்டு. சீர்காழிக் குளக்கரையில் பசித்து அழுத குழந்தை சம்பந்தருக்குச் சிவபெருமான் சொற்படி உமையம்மை பால் அளிக்கிறார். யார் தந்த பாலை உண்டாய் என்று தந்தை கோலை ஓங்கிக் கேட்க, குழந்தை அம்மையப்பரைச் சுட்டிக் காட்டுகிறது. மிரட்டும் தந்தை, பசி அறியும் தந்தை ஆகிய இருவரும் இங்கே அருகருகே நிற்கின்றனர்.

சிற்பங்களில்

'சோமாஸ்கந்தர்' என்றால் உமையோடும் கந்தனோடும் கூடியவர் என்பது பொருள். காஞ்சி கைலாசநாதர் கோயிலிலும் மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலிலும் பல்லவர்கள் கருவறையின் பின்சுவரில் இவ்வடிவத்தைச் செதுக்கினர். இதில் தெய்வம் மனைவி, மகனோடு அமர்ந்த ஒரு குடும்பத் தலைவர். புதுக்கோட்டை மாவட்டம் கொடும்பாளூரில் இருக்குவேள் மன்னர் பூதி விக்கிரமகேசரி எழுப்பிய மூவர் கோயிலில், ஆணும் பெண்ணும் ஓருடலான அர்த்தநாரி வடிவம் உள்ளது.

ஆவுடையார்கோயிலில்

இதே மாவட்டத்திலுள்ள ஆவுடையார்கோயில்தான் பழைய திருப்பெருந்துறை. பாண்டியனுக்குக் குதிரை வாங்க வந்த அமைச்சர் மாணிக்கவாசகர், இங்கே குருந்த மரத்தடியில் குருவாக வந்த இறைவனைக் கண்டு ஆட்பட்டார் என்பது மரபு. திருவாசகத்தில் அவர் இறைவனை அம்மை என்றும் அப்பன் என்றும் அழைக்கிறார். தாயினும் பரிவுடையவன் என்கிறார்.

அவர் பாடிய இத்தலத்தின் கருவறையில் லிங்கம் இல்லை. பீடமாகிய ஆவுடையார் மட்டுமே உண்டு. யோகாம்பாள் சன்னிதியிலும் உருவம் இல்லை, திருவடிகளே வழிபடப்படுகின்றன. லிங்கத்தைச் சிவமாகவும் ஆவுடையாரைச் சக்தியாகவும் கொள்வது சைவ மரபு. அப்படியானால், அப்பன் என்று உருகி அழைக்கப்பட்டவர் இங்கே கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரிவது தாயின் அடையாளமே.

கல்லில் மரவேலை போலச் செதுக்கிய கொடுங்கைகளைக் காணவே பலர் இக்கோயிலுக்கு வருகின்றனர். மாணவர்கள் அவற்றைக் கண்டபின் கருவறைமுன்னும் சற்று நின்று, அந்த வெற்றுப் பீடத்தையும் பார்க்க வேண்டும்.