கோல்ஃப் வீச்சும் பந்தின் பறப்பும்: பினாங்குத் திடல்களை முன்வைத்து

கோல்ஃப் வீச்சு என்பது தரையில் அசையாமல் கிடக்கும் பந்தை, உடலைச் சுழற்றி மட்டையால் அடிக்கும் முறை. மட்டை பந்தைத் தொட்டிருக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. பந்து எத்திசையில் கிளம்பும், எவ்வளவு உயரும், எந்தப் பக்கம் வளையும் என்பதெல்லாம் அதற்குள் முடிவாகிவிடும். பிடி, நிலை, தோள் சுழற்சி என்று பயிற்சியாளர்கள் சொல்லித்தரும் யாவும், அந்தக் கணத்தில் மட்டையின் முகத்தைச் சரியான கோணத்தில் பந்திடம் கொண்டுசேர்ப்பதற்கான வழிகளே. மலேசியாவின் பினாங்கில் மலைச்சரிவு, வெப்பம், ஈரப்பதம், அடிக்கடி பெய்யும் மழை ஆகியவை இந்த அடிப்படையோடு சேர்ந்துகொள்கின்றன.

பின்னணி

பிரிட்டிஷ் ஆட்சியில்தான் கோல்ஃப் இந்தியாவுக்கும் மலாயாவுக்கும் வந்தது. இந்தியாவில் ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப் 1829இலும், கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895இலும் தொடங்கப்பட்டன. கோலாலம்பூரின் ராயல் சிலாங்கூர் கோல்ஃப் கிளப் 1893இல் உருவானது. பினாங்கில் 1864இல் தோன்றிய குதிரைப்பந்தய மன்றத்தின் பத்து காந்தோங் திடலிலும் கோல்ஃப் ஆடப்பட்டது.

ஜார்ஜ் டவுனுக்குத் தெற்கே, பாயான் லெப்பாசை ஒட்டிய மலைச்சரிவில் புக்கிட் ஜம்புல் திடல் இருக்கிறது. இன்று பினாங்கு கோல்ஃப் கிளப் எனப்படும் இந்தப் 18 குழித் திடலை வடிவமைத்தவர் அமெரிக்கரான ராபர்ட் டிரெண்ட் ஜோன்ஸ் ஜூனியர். பெருநிலப்பக்கமான செபராங் பிறையில் பெர்த்தாம், புக்கிட் ஜாவி ஆகிய இடங்களில் 36 குழித் திடல்கள் உள்ளன.

மலேசிய ஓப்பன் போட்டி 1962இல் தொடங்கியது. பிஜியைச் சேர்ந்த விஜய் சிங் 1992, 2001 ஆண்டுகளிலும், இந்தியாவின் அர்ஜுன் அட்வால் 2003, 2008 ஆண்டுகளிலும், அனிர்பன் லாகிரி 2015இலும் அதை வென்றனர். விஜய் சிங் பெயர் பெறுவதற்கு முன் போர்னியோவில் கோல்ஃப் கற்றுக்கொடுத்துப் பிழைத்தவர். மணிக்கணக்கில் பயிற்சித் திடலில் நிற்பவர் என்று பின்னாளில் அறியப்பட்டார். மலேசியத் தமிழர்களில் மாரிமுத்து ராமையா, பெரியசாமி குணசேகரன் ஆகியோர் தொழில்முறை ஆட்டத்தில் பெயர் பெற்றவர்கள்.

பந்து ஏன் பறக்கிறது

விதிப்படி கோல்ஃப் பந்தின் எடை 45.93 கிராமுக்கு மேற்படக் கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அதன் மேற்பரப்பில் முந்நூறிலிருந்து ஐந்நூறு வரை சிறு குழிவுகள் இருக்கும். இக்குழிவுகள் காற்றின் இழுவையைக் குறைக்கின்றன. வழுவழுப்பான பந்தை அதே வேகத்தில் அடித்தால் ஏறத்தாழப் பாதித் தொலைவுதான் போகும்.

மட்டைமுகம் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் பந்து பின்சுழற்சியோடு கிளம்புகிறது. சுழலும் பந்து தன்னைச் சுற்றிய காற்றைக் கீழ்நோக்கித் தள்ள, அதன் எதிர்விளைவாகப் பந்து மேலே தூக்கப்படுகிறது. ஜெர்மன் இயற்பியலாளர் ஹைன்ரிக் குஸ்தாவ் மாக்னஸ் 1852இல் விளக்கியதால் இதற்கு மாக்னஸ் விளைவு என்று பெயர். பின்சுழற்சியே பந்தை நெடுநேரம் காற்றில் நிறுத்துகிறது என்பதை 1890களில் ஸ்காட்லாந்தின் பீட்டர் கத்ரி டெய்ட் எடுத்துக்காட்டினார். அவருடைய மகன் ஃபிரெடி டெய்ட் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டத்தை இருமுறை வென்ற ஆட்டக்காரர்.

அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் டிரைவரால் (நெடுந்தொலைவு மட்டை) அடிக்கும் பந்து சராசரியாக 11 பாகைக் கோணத்தில் கிளம்பி, நிமிடத்துக்குச் சுமார் 2,700 முறை சுழல்கிறது. அவர்களது 7ஆம் எண் அயர்ன் (சாய்ந்த முகமுள்ள உலோக மட்டை) அடியில் கிளம்பும் கோணம் சுமார் 16 பாகை. சுழற்சி ஏறத்தாழ 7,000. டிரைவர் பந்து தாழக் கிளம்பி உருண்டோடுவதும், அயர்ன் பந்து உயர எழுந்து கிரீனில் (குழியைச் சுற்றிய குறும்புல் தளம்) சட்டென்று நிற்பதும் இந்த வேறுபாட்டால்தான்.

திசையும் வளைவும்

பந்து மட்டை செல்லும் பாதையில் கிளம்பி, பிறகு மட்டைமுகம் பார்க்கும் பக்கம் வளையும் என்றே இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கற்பிக்கப்பட்டது. அதிவேகக் கேமராக்களும் ரேடார் கருவிகளும் வந்தபின் அது தவறென்று தெளிவாயிற்று. அமெரிக்க இயற்பியலாளர் தியோடர் ஜோர்கென்சன் இதன் வடிவியலை விளக்கினார்; டென்மார்க்கில் 2003இல் தொடங்கிய டிராக்மேன் நிறுவனத்தின் ரேடார்கள் அதைப் பயிற்சித் திடல்களுக்குக் கொண்டுவந்தன.

இன்று ஏற்கப்பட்டுள்ள விதிகள் மூன்று:

- பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் மட்டைமுகமே தீர்மானிக்கிறது. டிரைவரில் அதன் பங்கு சுமார் 85 விழுக்காடு. அயர்ன்களில் சுமார் 75 விழுக்காடு. எஞ்சியதே வீச்சுப் பாதையின் பங்கு.
- மட்டைமுகத்தின் திசைக்கும் வீச்சுப் பாதைக்கும் உள்ள வேறுபாடே வளைவைத் தருகிறது. பாதைக்கு வலப்புறம் முகம் திறந்திருந்தால் பந்து வலமாகவும், இடப்புறம் மூடியிருந்தால் இடமாகவும் வளையும்.
- முகத்தின் நடுவில் படாத பந்துக்கு இவ்விதிகள் அப்படியே பொருந்தா. டிரைவரின் நுனிப்பக்கம் பட்டால் இடமாகவும், குதிப்பக்கம் பட்டால் வலமாகவும் வளையும் போக்கு கூடும்.

(இக்கட்டுரையில் இடம், வலம் என்பவை வலக்கை ஆட்டக்காரருக்கு உரியவை.)

ஒரு மரம், குழியைக் காட்டும் கொடிக்கும் பந்துக்கும் நடுவே நிற்பதாகக் கொள்வோம். மரத்தின் வலப்புறமாகச் சுற்றிப் பந்தை அனுப்ப வேண்டும். பழைய பாடப்படி, ஆட்டக்காரர் பாதங்களை மரத்துக்கு வலப்புறம் திருப்பி, மட்டைமுகத்தை மட்டும் கொடியை நோக்கி வைப்பார். முகம் கொடியை, அதாவது மரத்தை, பார்ப்பதால் பந்து ஏறக்குறைய அத்திசையிலேயே கிளம்பி மரத்தில் மோதும். சரியான முறையில் முகமும் மரத்துக்கு வலப்புறம் திறந்திருக்க வேண்டும். வீச்சுப் பாதை அதைவிடச் சற்றுக் கூடுதலாக வலப்புறம் செல்ல வேண்டும். முகம் கொடிக்கு 2 பாகை வலமாகவும் பாதை 4 பாகை வலமாகவும் இருந்தால், பந்து சற்று வலப்புறம் கிளம்பி மெல்ல இடப்புறம் திரும்பும். இதுவே டிரா. இதன் மறுபக்கம் ஃபேட். இவை கட்டுமீறி வளைந்தால் முறையே ஹூக், ஸ்லைஸ் எனப்படும். வளையாமல் நேராக இடப்புறம் போவது புல். வலப்புறம் போவது புஷ்.

வீச்சின் கட்டங்கள்

பிடி: மட்டைமுகத்தைக் கட்டுப்படுத்தும் முதல் உறுப்பு கைகளே. இடக்கையை மேலாகவும் வலக்கையை அதன் கீழாகவும் வைத்து, வலது சுண்டுவிரலை இடது ஆள்காட்டி விரலின் மேல் படியவைப்பது ஹாரி வார்டன் பரவலாக்கிய முறை. சிறிய கைகளை உடையவர்கள் அவ்விரு விரல்களையும் கோத்துப் பிடிப்பதுண்டு. கைகள் இரண்டும் வலப்புறமாகத் திரும்பியிருந்தால் முகம் மூடும் போக்கும், இடப்புறமாகத் திரும்பியிருந்தால் திறக்கும் போக்கும் கூடும்.

நிலை: முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து குனிந்து, முழங்கால்களைச் சற்றுத் தளர்த்தி நிற்க வேண்டும். குட்டையான அயர்ன்களுக்குப் பந்து இரு பாதங்களின் நடுவிலும், டிரைவருக்கு இடது குதிகாலுக்கு நேராகவும் இருப்பது வழக்கம்.

பின்வீச்சு: தோள்கள் இடுப்பைவிட அதிகமாகத் திரும்புகின்றன. எடை வலக்காலுக்கு மாறுகிறது, மணிக்கட்டுகள் மடங்குகின்றன.

கீழ்வீச்சு: வலை வீசும் மீனவரின் உடலில் அசைவு காலில் தொடங்கி இடுப்பு, தோள், கை என்று ஏறி வலையில் முடிவதைப் போல, இங்கும் அசைவு தரையிலிருந்து தொடங்கி மட்டைத்தலையில் முடிகிறது. இடுப்பு முந்துகிறது, மார்பும் கைகளும் தொடர்கின்றன, மட்டை கடைசியாக வருகிறது. கைகள் முந்திவிட்டால் மட்டை வெளியிலிருந்து உள்ளே வெட்டும். தொடக்க நிலை ஆட்டக்காரர்களின் ஸ்லைஸுக்கு இதுவே பெரிய காரணம்.

தொடுகணம்: அயர்ன் அடியில் மட்டைத்தலை கீழிறங்கிக்கொண்டிருக்கும்போதே பந்தைத் தொட வேண்டும். முதலில் பந்து, பிறகு மண். புல்தரை பெயர்ந்த தடம் பந்து இருந்த இடத்துக்கு முன்னால் விழுந்தால் அடி சரி. பின்னால் விழுந்தால் மட்டை மண்ணைத் தோண்டியபின் பந்தைத் தொட்டிருக்கிறது. டீ என்னும் சிறு முளையின் மேல் வைத்த பந்தை டிரைவரால் அடிக்கும்போது மட்டைத்தலை சற்று மேலேறும் நிலையில் தொட்டால் சுழற்சி குறைந்து தொலைவு கூடும்.

உயரத்தைக் கட்டுப்படுத்தல்

தாழ்வான அடிக்கு வழக்கத்தைவிட ஒன்றிரண்டு எண் நீளமான மட்டையை எடுத்து, பந்தைச் சற்று வலக்கால் பக்கம் வைத்து, கைகள் பந்துக்கு முன்னால் இருக்க, மெதுவாக வீசிப் பின்தொடர்ச்சியை (அடித்தபின் தொடரும் வீச்சை) சுருக்க வேண்டும். எதிர்க்காற்றில் வலுவாக அடிப்பது சுழற்சியைக் கூட்டிப் பந்தை மேலே தூக்கிவிடும். அப்பந்து முன்னேறாமல் விழும். எதிர்க்காற்று பறிக்கும் தொலைவு, அதே வேகமுள்ள பின்காற்று கொடுக்கும் தொலைவைவிட அதிகம். உயரமான அடிக்குப் பந்தை இடக்கால் பக்கம் நகர்த்தி, முழுப் பின்தொடர்ச்சியுடன் முடிக்க வேண்டும்.

சரிவான நிலம்

புக்கிட் ஜம்புல் போன்ற மலைத் திடலில் சமதளத்தில் நின்று அடிக்கும் வாய்ப்பு எப்போதும் கிடைப்பதில்லை. பந்து பாதங்களைவிட மேலே இருந்தால் மட்டைமுகம் இடப்புறம் சாய்ந்து, பந்து இடமாகப் போகும். பாதங்களைவிடத் தாழ்ந்திருந்தால் வலமாகப் போகும். வெட்ஜ் போல முகம் மிகச் சாய்ந்த மட்டைகளில் இவ்விளைவு பெரிது. நீள அயர்ன்களில் சிறிது. ஆகவே குறியைச் சரிவுக்கு எதிர்ப்பக்கம் மாற்ற வேண்டும்.

ஏற்றத்தில் நின்று அடித்தால் மட்டையின் சாய்வு கூடியதுபோல் ஆகிப் பந்து உயர்ந்து, தொலைவு குறையும். இறக்கத்தில் பந்து தாழ்ந்து சென்று அதிகம் உருளும். இரண்டிலும் தோள்களைச் சரிவுக்கு இணையாக வைப்பது அடிப்படை.

கிரீன் 10 மீட்டர் தாழ்வாக இருந்தால் தொலைவில் சுமார் 10 மீட்டரைக் குறைத்துக் கணக்கிடுவது நடைமுறை விதி. தொலைவு அளக்கும் கருவிகளை 2019 முதல் விதிகள் பொதுவாக அனுமதிக்கின்றன. ஆனால் போட்டியில் ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் வசதியைப் பயன்படுத்தக் கூடாது.

வெப்பம், ஈரம், மழை

ஈரக்காற்று கனமானது, அதனால் பந்து தொலைவு போகாது என்ற நம்பிக்கை ஆட்டக்காரர்களிடையே பரவலாக உண்டு. உண்மை நேர்மாறானது. நீராவி மூலக்கூறு காற்றிலுள்ள நைட்ரஜன், ஆக்சிஜன் மூலக்கூறுகளைவிட இலேசானது. 30 பாகை செல்சியஸ் வெப்பத்திலும் 80 விழுக்காடு ஈரப்பதத்திலும் காற்றின் அடர்த்தி, அதே வெப்பமுள்ள உலர்காற்றைவிட ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேல் குறைவு. வெப்பமும் காற்றை இலேசாக்குகிறது. கடல்மட்டத்துக்கு மேல் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் காற்று இன்னும் மெலிது. சமவெளியில் அடிப்பதைவிடப் பந்து பத்தில் ஒரு பங்கு வரை கூடுதலாகப் பறக்கும்.

பினாங்கில் தொலைவைக் குறைப்பது நனைந்த தரை. மழைக்குப் பின் ஃபேர்வேயில் (கிரீன் வரையான வெட்டிய புல்வெளியில்) பந்து உருளாது. காற்றில் கடக்கும் தொலைவே எஞ்சும். எனவே பந்து எங்கே நிற்கும் என்று பார்க்காமல் எங்கே விழும் என்று பார்த்து மட்டையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மட்டைமுகத்துக்கும் பந்துக்கும் இடையே நீரோ அகன்ற இலைப் புல்லோ சிக்கினால் உராய்வு குறையும். அயர்னிலும் வெட்ஜிலும் சுழற்சி குன்றி, கிரீனில் விழுந்த பந்து நிற்காமல் ஓடும். ஒவ்வோர் அடிக்கும் முன் முகத்தைத் துடைப்பது இதனால்தான். பறந்து விழுந்த வேகத்தில் மண்ணில் புதைந்த பந்தை, பங்கர் (மணற்குழி) அல்லாத பொதுப்பகுதியில் அபராதமின்றி எடுத்துப் போடலாம் (விதி 16.3).

வியர்வையில் பிடி வழுக்கும்போது ஆட்டக்காரர் தம்மை அறியாமல் மட்டையை இறுக்குவார். முன்கைத் தசைகள் விறைத்து மட்டைத்தலையின் வேகம் குறையும். முகமும் திறந்தபடியே வரும். மாற்றுக் கையுறை, உலர்ந்த துண்டு, பழசாகாத பிடியுறை ஆகியவை இத்தட்பவெப்பத்தில் வீச்சின் ஒரு பகுதியே. பிற்பகல் இடிமழை வழக்கமான இம்மாநிலத்தில், இடி அபாயச் சங்கு ஒலித்ததும் ஆட்டத்தை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

பிழைகளும் திருத்தமும்

- ஸ்லைஸ்: பாதைக்கு முகம் திறந்திருப்பது காரணம். முதலில் பிடியைச் சற்று வலப்புறம் திருப்பிப் பார்க்க வேண்டும். பாதையைத் திருத்துவது அதற்கு அடுத்தது.
- ஹூக்: முகம் மூடியிருப்பது காரணம். பிடியை நடுநிலைக்குக் கொண்டுவர வேண்டும்.
- டாப்: மட்டையின் அடிவிளிம்பு பந்தின் மேற்பாதியைத் தொடுவது. பந்தை எக்கித் தூக்க முயல்வதால் உடல் நிமிர்ந்துவிடுகிறது. பந்தைத் தூக்கும் வேலை மட்டையின் சாய்வுக்கு உரியது.
- ஷாங்க்: பந்து மட்டையின் கழுத்தில் பட்டு வலப்புறம் தெறிப்பது. எடை பாதவிரல்களை நோக்கிச் சரிவது பொதுவான காரணம்.

பயிற்சி

ரேடார் கருவி இல்லாமலும் பிழையைக் கண்டறியலாம். டிரைவர் முகத்தில் சிறிது முகப்பவுடர் தூவி அடித்தால், பந்து பட்ட இடம் தெரியும். பந்து கிளம்பிய திசையை முதலில் பார்க்க வேண்டும்: அது முகத்தைச் சொல்லும். பிறகு வளைவைப் பார்க்க வேண்டும்: அது முகத்துக்கும் பாதைக்கும் உள்ள உறவைச் சொல்லும். பந்து விழுந்த இடத்தை மட்டும் பார்ப்பவருக்கு இவ்விரண்டும் தெரியாமல் போகின்றன.

சரிவும் ஈரமும் மிகுந்த பினாங்குத் திடல்களில் எத்தனை தொலைவு அடிக்கிறோம் என்பதைவிட, ஒவ்வொரு மட்டையாலும் பந்து காற்றில் எத்தனை மீட்டர் கடக்கிறது என்பதை அறிந்திருப்பதே பயன்தரும். புதிதாகக் கற்பவர் முழுவீச்சுக்கு முன் அரைவீச்சில் மட்டைமுகத்தை நேர்ப்படுத்தப் பழகிக்கொள்ள வேண்டும். வேகத்தைப் பின்னர் கூட்டிக்கொள்ளலாம்.