பங்சாரில் ஏக்கருக்கு எத்தனை பேர்?

பங்சார் என்றதும் இன்று பங்களாக்களும் ஏறிய விலையும் நினைவுக்கு வருமேயன்றி, பால்மரமும் லயமும் எவருக்கும் நினைவுக்கு வருவதில்லை. ஆனால் அப்பெயரே தோட்டத்தின் பெயர். பூங்கே, கிரிசார் என்ற ஐரோப்பிய முதலாளிகள் இருவரின் பெயர்கள் சேர்ந்தே பங்சார் ஆயிற்று என்று சொல்லுவர். 1906-ல் லண்டனில் அமைந்த கோலாலம்பூர் ரப்பர் கம்பெனியின் தோட்டங்களில் பங்சாரும் ஒன்று. அங்கே பால் வெட்டியவர் யார் என்பதை வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. 1960, 1970ஆம் ஆண்டுகளில் மரங்கள் விழுந்தன; மனைகள் எழுந்தன.

தோட்டத்திலும் ஜன நெருக்கத்திற்கு ஒரு கணக்கு இருக்கத்தான் செய்தது. மேட்டின்மேல் துரை ஒருவருக்குப் புல்வெளியும் பங்களாவும். பள்ளத்தில் குடும்பத்திற்கு ஓர் அறையாக நீண்ட லயம். கிராணி வேலை பார்க்கும் நாம் செக்ரோலில் தலைகளை எண்ணுகிறோம். ஒரு தலைக்கு எத்தனை அடி இடம் என்று எண்ணும்படி நம்மிடம் எவரும் சொன்னதில்லை!

நிற்க. நகரத்தில் இக்கணக்கு சட்டமாயிற்று. நியூசிலாந்தில் பிறந்த சார்லஸ் ரீட் 1921-ல் மலாய் ஐக்கிய நாடுகளின் சர்க்கார் நகர அமைப்பாளராக வந்தார். 1923-ல் நகர அமைப்புச் சட்டமும் பிறந்தது. குடியிருப்பு இங்கே, கடை இங்கே, ஆலை இங்கே என்று நிலத்தை வட்டாரம் வட்டாரமாகப் பிரிப்பது இம்முறை. பின்னர், ஓர் ஏக்கருக்கு இத்தனை பேர் என்ற எல்லையும் சேர்ந்தது. 1982ஆம் ஆண்டின் கூட்டரசுப் பிரதேச அமைப்புச் சட்டம் இவ்வதிகாரத்தை டத்தோ பண்டாரின் கையில் வைத்தது.

எல்லை கூடாதென்று நாம் சொல்லவில்லை. ஒரு குடும்பம் இருந்த மனையில் முந்நூறு குடும்பம் ஏறினால் சாக்கடையும் சாலையும் என்ன ஆகும்? ஆனால் எல்லையைப் பற்றிப் பேசும் உரிமை யாருக்கு என்று கேட்போம். டத்தின் அசிசா வழக்கில் 1992-ல் சுப்ரீம் கோர்ட்டு, அடுத்த நிலத்தின் பதிவுபெற்ற சொந்தக்காரருக்கு அவ்வுரிமை உண்டு என்றது. நல்ல தீர்ப்பே. நிலப்பட்டா உடையவனுக்கு வாய் கிடைத்தது. பட்டா இல்லாதவன் கதி யாது?

அதற்கு விடை, பங்சாரிலிருந்து சில மைல் தூரத்திலுள்ள புக்கிட் கியாராவில் இருக்கிறது. அதுவும் ரப்பர்த் தோட்டமே. 1980களின் தொடக்கத்தில் சர்க்கார் அதனை எடுத்துக்கொண்டபோது, அங்கு வேலை செய்த தமிழ்க் குடும்பங்கள், நிரந்தர வீடு கிடைக்கும் வரை தற்காலிகம் என்று சொல்லப்பட்டு, நீண்ட வீடுகளில் வைக்கப்பட்டன. பக்கத்தில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் செல்வாக்குள்ள குடியிருப்பாக வளர்ந்தது. தற்காலிகம் முப்பத்தைந்து ஆண்டு நீண்ட பின், 2017-ல் மாநகர மன்றம் ஓர் உத்தரவு கொடுத்தது. தாமான் ரிம்பா கியாரா பூங்காவில் 12 ஏக்கர் எடுத்து, 42 முதல் 54 மாடி வரையில் எட்டுக் கட்டிடம்; அவற்றோடு 29 மாடியில் 350 மலிவு வீடுகள். நீண்ட வீட்டாருக்கு வாக்களித்த வீடு இந்த ஒன்பதாவது கட்டிடத்தில்தான்.

ஏழையைக் காட்டி எட்டுக் கோபுரத்திற்கு அனுமதி பெற்றது எவ்வகை நியாயம்? பூங்காவை இழக்கவிருந்த அண்டையார் வழக்குத் தொடுத்தனர். 2018-ல் ஐகோர்ட்டில் தோற்று, 2021-ல் அப்பீல் கோர்ட்டில் வென்றனர். 2023 ஏப்ரல் 18-ல் பெடரல் கோர்ட்டு உத்தரவை அடியோடு தள்ளியது. நீதிபதி நளினி பத்மநாதன் எழுதிய அத்தீர்ப்பின்படி, நகர அமைப்புத் திட்டத்தை மீறுவதற்கு டத்தோ பண்டார் காரணம் காட்டியிருக்க வேண்டும். நிலத்தை வைத்திருந்த அறநிறுவனத்தின் நிர்வாகத்திலேயே அவர் அங்கம் வகித்ததும் குற்றமாயிற்று.

தீர்ப்பை நாம் வரவேற்கிறோம். காரணம் சொல்லாத அதிகாரத்திற்குக் கடிவாளம் போடப்பட்டது. எனினும் கோர்ட்டின் முன் இருந்தது ஓர் உத்தரவு. ஒரு வாக்குறுதி அன்று. எட்டுக் கோபுரங்களோடு அந்த 350 வீடுகளும் காகிதத்திலேயே மறைந்தன. பூங்கா பிழைத்தது. தீர்ப்பு வந்த அன்று, தோட்டத்தில் பால் வெட்டியவரின் பேரப்பிள்ளைகளும் அதே நீண்ட வீட்டிலேதான் இருந்தனர்.