பெயர் சொன்னால் ஓடும் மெதட்: ஜாவா ரிஃப்ளெக்‌ஷனின் கதை

1997 பிப்ரவரியில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஜாவா நிரல் எழுதும் கருவித்தொகுப்பான ஜேடிகே 1.1-ஐ வெளியிட்டது. யாரோ எழுதிய பட்டனையும் பட்டியலையும் இன்னொருவர் தன் கருவியில் இழுத்துப் போட்டுப் பொருத்திக்கொள்ளும் ஜாவாபீன்ஸ் அதில்தான் வந்தது. கருவியை எழுதியவருக்கு அந்த பட்டனின் பெயர்கூடத் தெரியாது. பிறகு அதன் மெதட்டை எப்படி அழைப்பது? அதே வெளியீட்டில் வந்த ரிஃப்ளெக்‌ஷன் இதற்கு வழிசெய்தது.

எண்ணம் அதைவிடப் பழையது. நிரல் தன்னைத்தானே ஆராயும் வழியை 1982-ல் எம்ஐடி முனைவர் பட்ட ஆய்வில் பிரையன் கேன்ட்வெல் ஸ்மித் லிஸ்ப் மொழியை வைத்து வகுத்துக் காட்டியிருந்தார்.

ஜாவாவில் கிளாஸின் பெயரை ‘ஃபார்நேம்’-இடம் கொடுத்தால் கிளாஸ் கைக்கு வரும். மெதட்டின் பெயரையும் அது வாங்கும் மதிப்புகளின் வகைகளையும் ‘கெட்மெதட்’-இடம் சொன்னால் மெதட் கிடைக்கும். ‘இன்வோக்’ அதை ஓட்டும். பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் கம்பைலர் வாய் திறக்காது. நிரல் ஓடும்போதுதான் ‘நோசச்மெதட்எக்ஸெப்ஷன்’ வந்து விழும். ஜாவா தொடக்கத்திலிருந்தே யூனிகோடை ஏற்ற மொழி. அதனால் புதுக்கோட்டை மாவட்டம் குன்றாண்டார்கோவிலில் ஒரு மாணவி தன் மெதட்டுக்கு ‘வரிக்கணக்கு’ என்று தமிழிலேயே பெயர் வைத்தாலும், அந்தத் தமிழ்ச் சொல்லைக் கொடுத்தே அதை அழைக்கலாம்.

இந்த வசதி உடனே பலன் தந்தது. 1997-ல் சூரிச்சிலிருந்து அட்லாண்டாவுக்குப் பறந்த விமானத்தில் கென்ட் பெக்கும் எரிக் காமாவும் நிரல்களைச் சோதிக்கும் கருவியான ஜேயூனிட்டை எழுதத் தொடங்கினார்கள். ‘டெஸ்ட்’ என்று பெயர் தொடங்கும் மெதட்டுகளை ரிஃப்ளெக்‌ஷன் மூலம் கண்டுபிடித்து அது ஓட்டியது. 2006-ல் வந்த ஜேயூனிட் 4, பெயருக்குப் பதிலாக, மெதட்டின் மேல் எழுதும் குறிப்பான அனோடேஷனைப் பார்த்தது.

நேரடியாக அழைப்பதைவிட மெதுவாக ஓடும் சிக்கலும் படிப்படியாகக் குறைந்தது. ஒரு மெதட்டைப் பதினைந்து முறைக்கு மேல் அழைத்தால் அதற்கென்றே பைட்கோடை உருவாக்கிக்கொள்ளும் உத்தி ஜேடிகே 1.4-இல் வந்தது. 2022-ல் ஜேடிகே 18, உள்வேலையை மெதட் ஹேண்டில் முறைக்கு மாற்றியது.

பாதுகாப்புதான் நீண்ட போராட்டம். பிரைவேட் உறுப்புகளையும் தொட 1998-ல் ஜாவா 1.2 ‘செட்ஆக்சஸிபிள்’ தந்தது. நூலகங்கள் அதைத் தாராளமாகப் பயன்படுத்தி ஜேடிகேயின் உள்ளறை வரை நுழைந்தன. 2017-ல் ஜாவா 9, உள்பகுதிகளை வெளியாருக்கு மறைக்கக்கூடிய மாட்யூல்களைக் கொண்டுவந்தது. 2021-ல் ஜாவா 17, தனி அனுமதி இல்லாமல் அந்த உள்பகுதிகளில் பெரும்பாலானவற்றைத் தொட முடியாதபடி அடைத்தது.

அடைத்த பிறகும் ஆபத்து வந்தது. வலைப் படிவத்தில் வரும் பெயர்களைப் பார்த்து அவற்றுக்குரிய மெதட்டுகளை ஸ்பிரிங் என்ற ஜாவா கட்டமைப்பு தானாக அழைக்கும். அந்தப் பெயர்கள் மூலம், கிளாஸ்களை ஏற்றும் கிளாஸ்லோடருக்கு வெளியார் போகும் வழியை அது 2010-லேயே மூடியிருந்தது. ஆனால் ஜாவா 9-இல் ‘கெட்மாட்யூல்’ என்ற புதிய மெதட் சேர்ந்ததால் அதே இடத்துக்குச் சுற்றுவழி ஒன்று பிறந்தது. 2022 மார்ச்சில் ஸ்பிரிங்4ஷெல் என்ற பெயரில் வெடித்தது அந்த ஓட்டைதான். விலக்க வேண்டிய பெயர்களை மட்டும் குறித்துவைத்திருந்த காவல், புதிய பெயரிடம் தோற்றது.

ரிஃப்ளெக்‌ஷனைக் கையாள்வோர் இதை மறக்கக் கூடாது. வெளியிலிருந்து வரும் சொல்லை அப்படியே மெதட்டின் பெயராக எடுத்துக்கொள்ளாதீர்கள். எவற்றை அழைக்கலாம் என்று முதலில் பட்டியல் போடுங்கள். அதில் இல்லாததை மறுத்துவிடுங்கள்.