குழி வெட்டினோம், பிறகு?



மழைநீர் சேகரிப்பு என்றதும் என் வயதுக்காரர்களுக்கு 2003 நினைவுக்கு வரும். கடும் வறட்சி. பழையது, புதியது என்றில்லாமல் எல்லாக் கட்டடங்களிலும் அந்த அமைப்பு வேண்டும் என்று தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. முதலில் ஆகஸ்ட் 31 வரை கெடு. செய்யாவிட்டால் குடிநீர் இணைப்பைத் துண்டிக்கலாம். பயந்தாவது குழி வெட்டினோம். 2005-இல் மழை கொட்டியது, கிணறுகளில் நீர் ஏறியது, குழியை மறந்தோம். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர்!

வெட்டச் சொல்லச் சட்டம் இருந்தது. தூர்வாருவது நம் வேலை.

கணக்குப் பாருங்கள். 10,000 சதுர அடி மொட்டைமாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 9,000 லிட்டருக்கு மேல் விழுகிறது. லாரித் தண்ணீருக்குப் பணம் கொடுப்பவர்களுக்கு அதன் மதிப்பை நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் சேரப்பணஞ்சேரிக்குப் பெருமழை ஐப்பசியில்தான். புரட்டாசிக்குள் மாடியைப் பெருக்கி, குழியின் ஜல்லியையும் மணலையும் எடுத்துக் கழுவிப் போட்டுவிடுவோம். முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை வெளியே விட்டுவிடுங்கள். கார் கழுவும் சோப்புத் தண்ணீரும் குழிக்குள் போகக் கூடாது.