குடியாத்தம் தந்த விடை

புகழ்பெற்ற தலைவர் ஒருவர் தம் கட்சியல்லாத ஒரு கட்சிக்கு ஆதரவு தருகிறார். அச்சொல்லுக்கு வாக்குப்பெட்டியில் எவ்வளவு மதிப்பு? இவ்வினாவுடன் மாணவர்களைக் குடியாத்தத்திற்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். காட்பாடியினின்று ஆம்பூர் செல்லும் இருப்புப்பாதையில் இடையே அமைந்த ஊர் அது. பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனச் சுற்றிலும் தோல் பதனிடும் ஊர்கள்; குடியாத்தத்திலோ தறியின் ஒலியே மிகுதி.

1954 ஏப்ரல் 13-இல் காமராசர் சென்னை மாநிலத்தின் முதலமைச்சரானார். அப்போது அவர் சட்டமன்ற உறுப்பினரல்லர். அவருக்கு முன்னிருந்த இராசாசி மேலவை நியமனத்தின் வழியே வந்தவர். காமராசரோ மக்களின் வாக்கை நாடிக் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்றார். எதிர்த்து நின்றவர் பொதுவுடைமைக் கட்சியின் வி. கே. கோதண்டராமன்.

இங்கேதான் வியப்பு. 1925-இல் காங்கிரசை விட்டு வெளியேறி, அதனை ஒழிப்பதே தம் பணி என்றிருந்த பெரியார், அக்கட்சியின் வேட்பாளரை ஆதரித்தார். அண்ணாவின் தி.மு.கழகமும் காமராசருக்கு ஆதரவாகவே நின்றது. காரணம் நாடறிந்தது. கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பாதி நேரமே படிப்பு, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்ற 1953-ஆம் ஆண்டுத் திட்டத்தைக் காமராசர் அரசு கைவிட்டிருந்தது. தோல் ஊறும் தொட்டியருகே தந்தை நின்றால் மகனும் அங்கேதான் நிற்க வேண்டுமோ என்ற அச்சத்தை இவ்வட்டாரத்து மக்களுக்கு எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லையன்றோ! காமராசர் பெருவெற்றி பெற்றார்.

அவ்வெற்றியில் பெரியாரின் பங்கு எவ்வளவு, முதலமைச்சர் என்ற நிலையின் பங்கு எவ்வளவு என்று நிறுத்துப் பார்க்கத் தராசு இல்லை. ஆயினும் மூன்றே ஆண்டில் ஒரு சோதனை வந்தது. 1957 பொதுத்தேர்தலில் காமராசர் சாத்தூருக்குச் சென்றுவிட்டார். பெரியாரின் ஆதரவு காங்கிரசுக்கே தொடர்ந்தது. அப்படியிருந்தும், இரட்டை உறுப்பினர் தொகுதியான குடியாத்தத்தில் ஓரிடத்தை முன்பு தோற்ற அதே கோதண்டராமன் வென்றார். ஆதரவுச் சொல் மாறவில்லை. அதைத் தாங்கி நின்ற ஆள்தான் மாறியிருந்தார். மக்கள் முன்னரே கொண்டிருந்த விருப்பத்தைப் பெரியாரின் சொல் உறுதிப்படுத்தியதேயன்றிப் புதிதாக உண்டாக்கவில்லை என்றே நான் கருதுகிறேன்.

1967-இல் இது மாநிலமெங்கும் தெரிந்தது. பெரியார் அப்போதும் காங்கிரசுக்காகவே ஊர் ஊராகப் பேசினார். ஆனால் அரிசித் தட்டுப்பாடும் 1965-ஆம் ஆண்டு இந்தி எதிர்ப்புப் போராட்டமும் மக்கள் மனத்தில் வேறு தீர்ப்பை எழுதிவிட்டிருந்தன. தி.மு.கழகம் 137 இடங்களைப் பிடித்தது. காமராசரே விருதுநகரில் மாணவர் தலைவர் ஒருவரிடம் தோற்றார். வென்ற அண்ணாவோ, பதவியேற்கு முன், தமக்கு எதிராக வாக்குக் கேட்ட பெரியாரைக் காணத் திருச்சிக்குப் புறப்பட்டார்.